காணாக்கடி: தோலில் எழுந்த தடிப்பே சாட்சியான வரலாறு

பூச்சி எதுவும் கடித்ததாகத் தெரியாத நிலையில் உடலில் திடீரெனத் தடிப்புகள் எழும்பி, பொறுக்க முடியாத அரிப்பைத் தந்து, சில மணி நேரத்துக்குள் தழும்பு ஏதும் விடாமல் அடங்கி, அடங்கிய சிறிது நேரத்திலேயே வேறோர் இடத்தில் மீண்டும் எழும்புகின்ற நோயைத் தமிழ்நாட்டு மக்களும் சித்த மருத்துவர்களும் காணாக்கடி என்ற பெயரால் அறிந்திருந்தனர். கடித்தது கண்ணில் படவில்லை என்றாலும் ஏதோ ஒன்று கடித்திருக்கத்தான் வேண்டும் என்ற எண்ணம் உலகின் பல மருத்துவ மரபுகளுக்குப் பொதுவானது. கி.பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் மாதவ நிதானம் என்ற வடமொழி மருத்துவ நூல், சீதபித்தம், உதர்த்தம், கோடம் ஆகிய மூன்று நோய்களையும் ஒரே இயலில் வைத்து, குளிர்ந்த காற்று படுவதால் ஐயமும் (கபம்) வளியும் (வாதம்) கெட்டு அழலுடன் (பித்தம்) சேர்ந்து உடலில் பரவும்போது, குளவி கொட்டியது போன்ற வீக்கம் அரிப்புடனும் குத்தலுடனும் தோன்றுகிறது என்று விளக்குகிறது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் நூல்கள், தொட்டால் சுணை ஏறும் ஒரு செடியின் பெயரைக் கொண்டு இந்நோயைச் சுட்டின. தமிழ்நாட்டு வேலியோரங்களில் வளரும் செந்தட்டியைப் போலவே அச்செடியும் பட்ட இடத்தில் தடிப்பையும் எரிச்சலையும் உண்டாக்குவது. 1769இல் எடின்பரோ பேராசிரியர் வில்லியம் கல்லன் தம் நோய் வகைப்பாட்டு நூலில் அதே செடியின் இலத்தீன் பெயரிலிருந்து அர்ட்டிகேரியா என்ற சொல்லை ஏற்றுக்கொண்டார். மருத்துவ உலகம் இன்றும் அதையே கையாள்கிறது.

குளவி, செடி, காற்று, காணாத பூச்சி என்று ஒவ்வொரு மரபும் வெளியிலிருந்து வந்த ஒரு தாக்குதலையே காரணமாகக் கருதியது. இந்த மறைந்த எதிரியைத் தேடிய முயற்சியே காணாக்கடியின் மருத்துவ வரலாறு என்று கூறலாம். ஆனால் அத்தேடலுக்கு முதன்மையான கருவியாக அமைந்தது நோயாளியைத் துன்புறுத்திய தடிப்பேதான் என்பதை மருத்துவ வரலாற்று நூல்கள் போதிய அளவு வலியுறுத்துவதில்லை. ஒவ்வாமை அறிவியலின் பெரிய கண்டுபிடிப்புகள் பலவும், ஒருவர் தோலில் எதையாவது கீறியோ குத்தியோ செலுத்தி அங்கே தடிப்பு எழுகிறதா என்று காத்திருந்து பார்த்ததால் கிடைத்தவை. அந்தத் தோல் பல வேளைகளில் ஆய்வாளரின் சொந்தத் தோலாகவும் இருந்தது.

உணவைச் சந்தேகிப்பதே பழைய மருத்துவம் முதலில் மேற்கொண்ட வழி. கத்தரிக்காய், கருவாடு முதலியவற்றைக் கரப்பான் பண்டங்கள் என்று வகுத்து, அதாவது தோலில் சொறியையும் தடிப்பையும் கிளப்பும் பொருள்கள் என்று கருதி, தோல்நோய் உள்ளவர்களை அவற்றிலிருந்து விலக்கி வைக்கும் பத்தியம் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு. அருகம்புல்லை மஞ்சளுடன் அரைத்துப் பூசுவதும், நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கையில் வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுப்பதும் அந்தப் பத்தியத்தோடு சேர்ந்தே நடந்தன. இதற்கு இணையான சிந்தனை இலண்டனிலும் இருந்தது. தோல்நோய்களைத் தடிப்பு, கொப்புளம், செதில் என்று கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு ஒழுங்குபட வகுத்த ராபர்ட் வில்லன், ஏழைகளுக்கான பொது மருந்தகம் ஒன்றில் பணியாற்றியவர். அவருடைய மாணவர் தாமஸ் பேட்மேன் 1813இல் வெளியிட்ட சுருக்க நூலில், நாட்பட்ட தடிப்பால் வருந்திய நோயாளிகளிடம் வில்லன் ஒரு முறைக்கு ஓர் உணவாக விலக்கச் சொல்லிச் சிலரிடம் காரணமான பொருளைக் கண்டறிந்தார் என்ற செய்தி இருக்கிறது. உணவு முழுவதையும் மாற்றியும் சிறிதளவு நலமும் காணாதவர்கள் இருந்தனர் என்பதையும் அந்நூல் மறைக்கவில்லை. பின்னாளில் வந்த மருத்துவர்கள் பலர் முதல் செய்தியை மட்டும் நினைவில் வைத்து இரண்டாவதை மறந்துவிட்டனர். அந்த மறதியின் விலையைப் பல தலைமுறை நோயாளிகள் கொடுக்க நேர்ந்தது.

உணவில் காரணம் கிடைக்காதபோது நோயாளியின் மனத்தையும் நரம்பையும் குற்றம் சாட்டுவது 19ஆம் நூற்றாண்டில் வழக்கமாயிற்று. தடிப்பு நோயின் ஒரு வகையில், தோலை நகத்தாலோ மழுங்கிய குச்சியாலோ அழுத்திக் கோடிழுத்தால் சில நிமிடங்களில் அந்தக் கோடு அப்படியே தடித்து எழும்பும். தோலெழுத்து என்ற பொருளில் இதனை டெர்மோகிராஃபிசம் என்பர். 1879இல் பாரிஸ் மருத்துவர் துஜார்தென்-போமெட்ஸ் இத்தகைய பெண் நோயாளி ஒருவரைப் பற்றி எழுதிய பிறகு, அந்நகரின் மருத்துவமனைகளில், குறிப்பாக நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ தலைமை வகித்த சால்பெட்ரியேரில், ஹிஸ்டீரியா என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களின் முதுகிலும் மார்பிலும் சொற்களை எழுதி, அவை புடைத்தெழுந்ததும் ஒளிப்படம் எடுக்கும் வழக்கம் பரவியது. 1893இல் பிரெஞ்சு மருத்துவர் பார்தெலமி இப்பொருள் குறித்துத் தனி நூலே வெளியிட்டார். நோயாளியின் உடலையே பலகையாக்கி அவருக்குக் கொடுத்த நோய்ப் பெயரை அவர் மீதே எழுதிய அந்த ஒளிப்படங்கள், காரணம் தெரியாத நோயை எதிர்கொண்ட மருத்துவம் எந்த அளவுக்கு இரக்கம் இழக்கக்கூடும் என்பதற்குச் சான்றாக நிற்கின்றன. தோலின் இந்தத் தன்மைக்கு ஹிஸ்டீரியாவோடு கட்டாயமான தொடர்பு எதுவும் இல்லை என்பதும், வேறு எந்த நோயும் இல்லாதவர்களிடமும் இது காணப்படுகிறது என்பதும் பின்னர் தெளிவாயின. ஆயினும் இது நரம்புத் தளர்ச்சி உள்ள பெண்களின் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களின் மனத்திலிருந்து அகல நெடுங்காலம் ஆயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில் மான்செஸ்டரில் மருத்துவம் பார்த்துவந்த சார்லஸ் பிளாக்லி, கோடைதோறும் தம்மை வாட்டிய தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் காரணம் தேடி, தம் கையின் தோலை இலேசாகச் சுரண்டி அங்கே புல்லின் மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். மகரந்தம் வைத்த இடத்தில் அரிப்புடன் தடிப்பு எழுந்தது. வெறுமனே சுரண்டிய இடத்தில் எதுவும் எழவில்லை. 1873இல் அவர் வெளியிட்ட நூலில் இடம்பெற்ற இந்த எளிய சோதனை, தடிப்பை நோயின் அடையாளமாக மட்டும் கொள்ளாமல் ஒரு கேள்விக்குத் தோல் தரும் விடையாகப் படிக்கலாம் என்பதைக் காட்டியது.

அந்த விடையின் முழுப்பொருளும் புலப்பட, முற்றிலும் வேறான ஒரு மருத்துவ வெற்றி தேவைப்பட்டது. தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரையின் குருதியிலிருந்து பிரித்தெடுத்த சீரம், அதாவது குருதி உறைந்தபின் எஞ்சும் தெளிநீர், 1890களில் மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்து எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்தது. ஆனால் காப்பாற்றப்பட்ட குழந்தைகளில் பலருக்கு ஊசி போட்ட ஒன்றிரண்டு வாரங்களில் காய்ச்சலும் மூட்டு வலியும் உடல் முழுவதும் தடிப்பும் வந்தன. வியன்னாவின் குழந்தை மருத்துவர்களான கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, பேலா ஷிக் இருவரும் இக்குழந்தைகளைப் பொறுமையுடன் கவனித்து, முதல் ஊசிக்குப் பின் நாட்கள் கழித்து வந்த தடிப்பு, இரண்டாவது ஊசிக்குப் பின் மிக விரைவிலேயே வந்துவிடுகிறது என்பதைக் குறித்துவைத்தனர். சீரம் நஞ்சாக இருந்திருந்தால் இரு முறையும் ஒரே கால அளவில் விளைவு தோன்றியிருக்க வேண்டும். விரைவு மாறியதால், மாறியிருப்பது குழந்தையின் உடல்தான் என்று அவர்கள் முடிவு செய்து 1905இல் நூலாக வெளியிட்டனர். நோயைத் தடுக்கும் ஆற்றலும் நோயை உண்டாக்கும் ஆற்றலும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்பது அன்றைய மருத்துவர் பலருக்கு ஏற்க முடியாத கருத்தாக இருந்தது. மாறிவிட்ட அந்த எதிர்வினைத் தன்மைக்கு 1906இல் பிர்க்கே சூட்டிய பெயரே அலர்ஜி. தமிழில் ஒவ்வாமை என்று வழங்குவது அதுவே. கடிப்பது வெளியில் இருக்கலாம், ஆனால் கடியை உண்டாக்குவது உடலின் பதில்தான் என்ற பெரும் திருப்பம் இங்கே நிகழ்ந்தது.

இதன்பின் தோல் சோதனை வேகமாகப் பரவியது. நியூயார்க்கின் ஆஸ்கர் ஷ்லாஸ் 1912இல், முட்டை, பாதாம், ஓட்ஸ் ஆகியவற்றை உண்டால் தடிப்பெழும் ஒரு சிறுவனின் தோலைக் கீறி அப்பொருள்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தடிப்பு எழுவதைக் காட்டினார். சிறுவனின் வரலாறும் தோலின் விடையும் ஒத்துப்போன அந்தச் சோதனை மாசற்றது. ஆனால் அதைப் பின்பற்றிப் பத்துக் கணக்கான உணவுச் சாறுகளை எல்லா நோயாளிகளுக்கும் குத்திப் பார்த்த பழக்கத்தை அவ்வாறு கூற இயலாது. தோலில் தடிப்பு எழுவதனாலேயே அந்த உணவு அந்நோயாளிக்குத் தீங்கு செய்கிறது என்று ஆகிவிடாது. வாரக்கணக்கில் தானாகவே தடிப்பு எழும்பிக்கொண்டிருப்பவரின் தோலோ, குத்திய காரணத்தாலேயே புடைத்து ஏமாற்றவும் கூடும். ஆனால் 1920களிலிருந்து உணவு விலக்குப் பட்டியல்கள் நீண்டுகொண்டே போயின. பாலும் முட்டையும் கோதுமையும் மீனும் மறுக்கப்பட்டும் தடிப்பு மறையாத நோயாளிகள், எங்கோ தாங்கள்தான் பத்தியம் தவறியிருக்க வேண்டும் என்று நம்பி வருந்தினர். வில்லனின் காலத்திலேயே பதிவாகியிருந்த எச்சரிக்கை இங்கே புறக்கணிக்கப்பட்டது.

ஒவ்வாமையைச் சுமந்து செல்லும் பொருள் குருதியில் இருக்கிறது என்பதை மெய்ப்பித்த சோதனை 1921இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவில், இன்று போலந்தில் விரோத்ஸ்வாஃப் என்று அழைக்கப்படும் நகரில், நிகழ்ந்தது. மகப்பேறு மருத்துவர் ஹைன்ஸ் குஸ்ட்னருக்குச் சமைத்த மீன் சிறிதளவு உள்ளே சென்றாலும் அரிப்பும் தடிப்பும் வந்துவிடும். அவருடைய நண்பரும் நுண்ணுயிரியல் அறிஞருமான கார்ல் பிரவுஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தீங்கும் இல்லை. குஸ்ட்னரின் சீரத்தில் சிறிதளவைத் தம் வயிற்றுத் தோலுக்குள் செலுத்திக்கொண்ட பிரவுஸ்னிட்ஸ், மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது தடிப்பு எழுந்தது. தோலின் பிற பகுதிகளில் எழவில்லை. ஒருவருடைய ஒவ்வாமை மற்றொருவருடைய தோலில் ஒரு சிறு வட்டத்துக்குள் குடியேறிவிட்டது என்பதே அதன் பொருள். இரு நண்பர்களின் பெயரையும் தாங்கிய இச்சோதனை, குருதி வழியே மஞ்சள் காமாலை தொற்றும் அபாயம் உணரப்பட்டுக் கைவிடப்படும் வரை, ஒவ்வாமை ஆய்வின் அடித்தளமாக விளங்கியது.

தடிப்பு எவ்வாறு உருவாகிறது என்ற கேள்விக்கு இலண்டனில் விடை கிடைத்தது. பாரிஸில் காட்சிப் பொருளாக்கப்பட்ட அதே தோலெழுத்தை, மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1920களில் அமைதியான அளவீட்டுக்கு உரிய நிகழ்வாக எடுத்துக்கொண்டார். தோலைக் கீறினால் முதலில் சிவந்த கோடும், அடுத்து அதைச் சுற்றிப் படரும் செம்மையும், இறுதியில் நீர் கசிந்து எழும் புடைப்பும் வரிசையாகத் தோன்றுவதைக் கவனித்து, காயம்பட்ட தோலின் செல்கள் வெளியிடும் ஏதோ ஒரு வேதிப்பொருளே இம்மூன்றுக்கும் காரணம் என்று முடிவு செய்து, அதற்கு எச் பொருள் என்று தற்காலிகப் பெயர் இட்டார். ஹிஸ்டமின் என்ற பொருளை ஊசிமுனையால் தோலில் குத்திச் செலுத்தினால் இதே மூன்று மாற்றங்களும் நிகழ்ந்தன. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஹென்றி டேலும் லெய்ட்லாவும் 1910 முதல் ஆராய்ந்துவந்த அப்பொருள் உடலில் இயல்பாகவே இருக்கிறது என்பதை, ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் பிரித்தெடுத்து டேலின் குழுவினர் 1927இல் உறுதிப்படுத்தினர். ஹிஸ்டமின் நுண்ணிய குருதிக் குழாய்களை விரித்து அவற்றின் சுவரில் இடைவெளி உண்டாக்குவதால் குருதியின் நீர்ப்பகுதி தோலுக்குள் கசிகிறது, அதுவே தடிப்பு. நரம்பு முனைகளைத் தூண்டுவதால் எழுவது அரிப்பு. அந்த ஹிஸ்டமினைச் சேமித்து வைத்திருப்பவை, பால் எர்லிக் 1878இல் மாணவராக இருந்தபோதே சாயமேற்றிக் கண்டறிந்து மாஸ்ட் செல்கள் என்று பெயரிட்ட துகள் நிறைந்த செல்களே என்பதை, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரைலியும் வெஸ்டும் 1950களின் தொடக்கத்தில் நிறுவினர்.

நோயின் மூலம் விளங்குவதற்கு முன்பே மருந்து வந்துவிட்டது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் ஆன்-மரி ஸ்டாபும் 1937இல், கொல்லும் அளவு ஹிஸ்டமின் செலுத்தப்பட்ட கினிப் பன்றிகளையும் காப்பாற்றும் பொருள்களைக் கண்டனர். அவை மனிதருக்குத் தரமுடியாத நச்சுத்தன்மை கொண்டிருந்தன. போர்க்காலப் பிரான்சில் பெர்னார் ஆல்பெர்ன் 1942இல் அறிமுகப்படுத்திய ஆன்டெர்கானும், அமெரிக்காவில் ஜார்ஜ் ரீவ்ஷல் உருவாக்கி 1946இல் விற்பனைக்கு வந்த பெனட்ரிலும் நோயாளிகளைச் சென்றடைந்தன. ஆஸ்துமாவுக்கு அவ்வளவாக உதவாத இம்மருந்துகள் தடிப்புக்கு நன்கு பயன்பட்டன. இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தவர்கள் உறங்கினர். அந்த உறக்கத்தில் ஒரு பகுதி மருந்து மூளைக்குள் நுழைவதால் வந்தது என்பதையும், இவ்வகையைச் சேர்ந்த அவில் மாத்திரை விழுங்கிவிட்டுப் பகலெல்லாம் தூங்கி வழிந்த அனுபவம் தமிழ்நாட்டிலும் பரவலாக இருந்தது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். மூளைக்குள் எளிதில் புகாத இரண்டாம் தலைமுறை மருந்துகள் 1980களில் வந்தன. அவற்றுள் ஒன்றான டெர்ஃபெனடின் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்று தெரிந்து திரும்பப் பெறப்பட்டது. உடலில் அது மாறி உண்டாகும் ஃபெக்ஸோஃபெனடின் அந்தத் தீங்கு இல்லாததால் அதன் இடத்தைப் பிடித்தது. செட்ரிசினும் இவ்வகையைச் சேர்ந்ததே.

பிரவுஸ்னிட்ஸின் தோலில் தங்கிய அந்தப் பொருள் எது என்பது 45 ஆண்டுகள் புதிராகவே இருந்தது. குருதியில் அதன் அளவு மிக மிகக் குறைவு என்பதால் அன்றைய வேதியியல் முறைகளுக்கு அது சிக்கவில்லை. ஆனால் தோல் அதை உணர்ந்தது. டென்வரில் குழந்தைகள் ஆஸ்துமா ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாகாவும் டெருகோ இஷிசாகாவும், ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம் ஒவ்வாத நோயாளிகளின் சீரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எப்பகுதியில் ஆற்றல் இருக்கிறது என்பதைத் தம் சொந்தத் தோலிலும் சோதித்து, 1966இல் ஒரு புதிய வகை எதிர்ப்பொருளை அறிவித்தனர். எதிர்ப்பொருள் என்பது உடலுக்குள் புகும் அயற்பொருளை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதம். ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சனும் பென்னிக்கும் ஒரு புற்றுநோயாளியின் குருதியிலிருந்து தனியே கண்டெடுத்த புரதமும் இதுவே என்பது ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டு, 1968இல் இம்யூனோகுளோபுலின் ஈ என்ற பொதுப்பெயர் ஏற்கப்பட்டது. மாஸ்ட் செல்லின் மேற்பரப்பில் இந்த எதிர்ப்பொருள் குத்திட்டு நிற்கிறது. மீன் புரதமோ மகரந்தமோ வந்து அதனைப் பிணைத்ததும் செல் வெடித்தாற்போல ஹிஸ்டமினைக் கொட்டுகிறது.

மீனுக்கும் முட்டைக்கும் மகரந்தத்துக்கும் இந்த விளக்கம் முழுமையாகப் பொருந்தியது. ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்து, சிலரிடம் ஆண்டுக்கணக்கில் தொடரும் நாட்பட்ட தடிப்புக்கோ, அதாவது காணாக்கடி என்ற பெயருக்கு மிகவும் உரிய வகைக்கோ, இது பொருந்தவில்லை. அந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் எந்த உணவும் எந்தத் தூசும் குற்றவாளியாகப் பிடிபடவில்லை. 1983இல் கனடாவின் லெஸ்னாஃப் குழுவினர், இவர்களில் குறிப்பிடத்தக்க பகுதியினருக்குத் தம் தைராய்டு சுரப்பியையே எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைச் சுட்டியது முதல் தடயம். 1986இல் பிரிட்டனின் கிளைவ் கிராட்டன் குழுவினர், பிளாக்லியின் மரபில் வந்த ஒரு கேள்வியைத் தோலிடம் கேட்டனர்: நோயாளியின் குருதியை எடுத்து, அதன் சீரத்தை அதே நோயாளியின் தோலுக்குள் திரும்பச் செலுத்தினர். வெளிப்பொருள் எதுவும் சேராத அந்தத் துளிக்கே பலரிடம் தடிப்பு எழுந்தது. 1993இல் மிச்சிஹிரோ ஹிடே, மால்கம் கிரீவ்ஸ் முதலியோர், மாஸ்ட் செல்லில் இம்யூனோகுளோபுலின் ஈ அமரும் ஏற்பியையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் அச்சீரத்தில் இருப்பதைக் காட்டினர். பல நூற்றாண்டுகளாக வேலியிலும் காற்றிலும் சோற்றுத் தட்டிலும் தேடப்பட்டது, இந்நோயாளிகளில் ஒரு பகுதியினரைப் பொறுத்தவரை, அவர்களின் குருதியிலேயே இருந்தது. பத்தியம் தவறியதாலோ மனத்தளர்ச்சியாலோ இந்நோய் வந்தது என்று பழிசுமந்த நோயாளிகளுக்கு இந்த முடிவு செய்த நீதி, இதன் அறிவியல் மதிப்புக்குச் சற்றும் குறைந்ததன்று.

இப்போது இந்நோய்க்குக் காரணமறியாத் தடிப்பு என்ற பழைய அடைமொழி கைவிடப்பட்டு, தானாக எழும் நாட்பட்ட தடிப்பு என்ற பெயர் வழங்குகிறது. இம்யூனோகுளோபுலின் ஈ-யைப் பிடித்து அகற்றும் ஓமலிசுமாப், முதலில் ஆஸ்துமாவுக்கென வந்து, 2014 முதல் இந்நோய்க்கும் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை போடும் ஊசியாக ஏற்கப்பட்டது. சிலருக்கு ஒரு வாரத்திலேயே அரிப்பு அடங்குவதும், வேறு சிலருக்கு மாதங்கள் ஆவதும், இந்நோய் ஒன்றன்று, வெவ்வேறு எதிர்ப்பொருள்களால் வரும் பல நோய்களின் தொகுப்பு என்பதை உணர்த்துகின்றன. அந்த ஊசியின் விலை இந்தியாவில் மிகப் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. ஆதலால் இங்கே சிகிச்சையின் நடுநாயகமாக இருப்பவை தூக்கம் வரவழைக்காத ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளே. வழக்கமான அளவில் பயன் தராவிட்டால் மருத்துவரின் மேற்பார்வையில் நான்கு மடங்கு வரை உயர்த்தலாம் என்று பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. உயர்த்துவதா குறைப்பதா என்பதை முடிவு செய்ய மருத்துவர்கள் நம்புவது ஆய்வுக்கூட அளவை எதையுமன்று. நோயாளி நாள்தோறும் தம் தடிப்புகளை எண்ணி 0 முதல் 3 வரையும், அரிப்பின் கடுமைக்கு 0 முதல் 3 வரையும் மதிப்பிட்டு எழுதும் குறிப்பே, ஏழு நாட்களுக்குக் கூட்டப்பட்டு, 42க்கு எத்தனை என்று அவர்கள் முன் வைக்கப்படுகிறது.